இளநீர்க் கடையில் மோதிய வேனும் என் ஏ, பி, சி வரிசையும்

நோய்களுக்கும் ஏ, பி, சி ஒழுங்குதான் என்று நான் மூன்று மாதம் முழு மனதோடு நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இதைவிடக் கேவலமான கட்டங்கள் பின்னால் வருகின்றன.

எங்கள் பழைய ரெக்கார்ட் ரூமுக்குக் கம்பியூட்டர் வந்துவிட்டதாம். நோயின் பெயரை அடித்தால் குறியீடு தானாக வந்து விழுகிறதாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் போன மாதம் கெலிஓயாவில் என் வீட்டுக்கு வந்து, நலன்புரிச் சங்க மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். துணிச்சலாகச் செய்த காரியம் ஏதாவது இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. பயம் கைவசம் நிறைய உண்டு. அதில் முதல் தரமானதை எடுத்து வைக்கிறேன்.

வெளியாருக்கு முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நோயாளி வீடு போன பிறகு அவருடைய டிக்கட், அதாவது கட்டில் தலைமாட்டில் தொங்கிய அந்தக் காகிதக் கட்டு, எங்கள் அறைக்கு வரும். அதில் டொக்டர் எழுதியிருக்கும் ஒவ்வொரு நோய்க்கும் சர்வதேசக் குறியீட்டுப் புத்தகத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் சில இலக்கங்களும் உண்டு. தேடிப் பிடித்து எழுத வேண்டும். ஒருவருக்கு நான்கு நோய் இருந்தால் நான்கு குறியீடு. இதில் சங்கடம் தேடுவதில் இல்லை, எதை முதலாவது எழுதுவது என்பதில்தான். முதலாவதாக எழுதுவதுதான் அந்த ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்த காரணமாக எல்லாக் கணக்கிலும் ஏறும்.

நான் அதற்கு முன் பதினொரு வருடம் அதே அறையில் டிக்கட் அடுக்கியவன். பெயர் வரிசைப்படி அடுக்குவது, எடுப்பது, திரும்ப அடுக்குவது. வரிசை என்றால் எனக்கு ஒரே வரிசைதான் தெரியும். பிறகு கொழும்பில் ஆறு கிழமைப் பயிற்சி தந்தார்கள். அதில் இரண்டு கிழமை எனக்குத் தடிமன் காய்ச்சல். மிச்சத்தில், புத்தகத்தின் மூன்றாம் பாகத்தில் நோயைத் தேடு, முதலாம் பாகத்தில் சரிபார் என்று சொன்னது நன்றாக ஏறியது. இரண்டாம் பாகத்தைப் பற்றியும் ஏதோ சொன்னார்கள். அது சின்னப் புத்தகம். கண்டிக்கு வந்ததும் அதை என் மேசைக்குப் பின்னாலிருந்த ஜன்னல் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்தேன். அளவு கச்சிதமாக இருந்தது. எந்த நோயை முதலில் எழுதுவது என்ற விதிகள் எல்லாம் அந்தப் பாகத்தில்தான் இருந்தன என்பது பின்னர் தெரிந்த விஷயம்.

எனவே நான் எனக்குத் தெரிந்த வரிசையில் போட்டேன். பிள்ளை பெற வந்த அம்மாவுக்கு வயிற்றில் கொக்கிப்புழுவும் இருந்தால், புழு பி, பிரசவம் ஓ. பி முன்னால். பலா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவருக்குச் சர்க்கரை வியாதியும் இருந்தால், சர்க்கரை ஈ, எலும்பு எஸ். ஈ முன்னால். மரம் கணக்கிலேயே வராது. வேலை அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு வேகமாக நடந்தது. பிறவியிலேயே எனக்கு இது அமைந்திருக்கிறது என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

எங்கள் பொறுப்பாளர் சிவகௌரி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஆறு வயது இளையவர். அவருக்குக் குரல் உயராது. கோபம் வந்தால் மரியாதை உயரும். சாதாரண நாளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சின்னப் பிழை என்றால் ‘மிஸ்டர்’ சேரும். ‘ஐயா’ என்றாரானால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பிழையைக் காட்டும் முறையும் தனி. கொப்பியை என் பக்கம் திருப்புவார். கூராகச் சீவிய பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளி வைப்பார். பென்சிலை மேசையில் எனக்கு நேராக வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். கால் மணித்தியாலம் கழித்துத்தான் திரும்புவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். அந்தக் கால் மணித்தியாலத்தில் மனிதன் தான் செய்த பிழையோடு செய்யாத பிழைகளையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிடுவான்.

மூன்றாம் மாத முடிவில் அறிக்கையைக் கூட்டிப் பார்த்துவிட்டு மிஸ் என் மேசைக்கு வந்தார்.

“ஐயா, எங்கட பிரசவ வாட்டில பிள்ளை பெற ஒருத்தரும் வாறேல்லையோ?”

“வாறாங்க மிஸ். நெறைய வாறாங்க.”

“உங்கட கணக்கில எல்லாரும் புழுவுக்கு மருந்து குடிக்க வந்தவை. வந்த இடத்தில பிள்ளையும் பிறந்திருக்கு.”

புள்ளி வைக்கவில்லை. வைக்கத் தொடங்கியிருந்தால் பென்சில் தீர்ந்திருக்கும். ஜன்னலுக்குப் போய், முட்டுக்கொடுத்திருந்த புத்தகத்தை இழுத்தெடுத்துத் தூசி தட்டி என் முன்னால் வைத்தார். ஜன்னல் படாரென்று அடித்தது. “ஒவ்வொரு டிக்கட்டையும் எடுத்து, இந்தாள் என்னத்துக்கு வந்தவர் எண்டு மட்டும் கேளுங்கோ” என்றார். அவ்வளவுதான். நான் மூன்று மாத டிக்கட்டுகளையும் திரும்ப இறக்கி, ஒவ்வொருவரிடமும் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரு மாதத்தில் திருத்தி முடித்தேன். முடித்த அன்று அறையில் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைத்தேன். பதிவேட்டைத் திருத்தலாம். அந்த மூன்று மாதத்தில் அறையை விட்டு வெளியே போன கடிதங்களை எப்படித் திருத்துவது? அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. கேள்விக்குப் பதிலாக ஆளே வந்தார்.

அவரை நசார் நானா என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதலாமா என்று போன கிழமை தொலைபேசியில் கேட்டேன். பெயரை மாற்றினால் எழுது என்றார், மாற்றியிருக்கிறேன். மடவளையிலிருந்து கண்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பெண் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வருபவர். நல்ல உயரம், நல்ல அகலம், அதற்குத் தகுந்த மீசை. எங்கள் ரெக்கார்ட் ரூம் கதவு அவருக்குப் போதவில்லை. தலையைக் குனிந்து உள்ளே வந்து, ஒரு கடிதத்தை என் மேசையில் விரித்து வைத்தார்.

நடந்தது இதுதான். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு திரும்பும்போது, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பாதையோர இளநீர்க் கடையொன்றில் மோதினார். வேன் கடையின் முன் தூணைச் சாய்க்க, மேலே தொங்கிய செவ்விளநீர்க் குலை முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவர் தலையில் இறங்கியது. கடைக்காரர் பின்னால் போயிருந்ததால் தப்பினார். நானாவை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், நான்கு நாள் இருந்து வீட்டுக்குப் போனார். நாயொன்று குறுக்கே பாய்ந்தது என்று அவர் சொன்னார். அங்கே நாயே இருக்கவில்லை என்று கடைக்காரர் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுபவர் என்பதால், ஓட்டுவதற்குத் தகுதியா என்று மருத்துவச் சான்றிதழ் மறுபடி வாங்கிவரும்படி பொலிஸ் சொல்லிவிட்டது. சான்றிதழ் தரும் இடம் எங்கள் ஆஸ்பத்திரியிடம் சுருக்கம் கேட்டது. எங்கள் ஆஸ்பத்திரி, அதாவது மிஸ் லீவில் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்ட நான், சுருக்கம் அனுப்பினேன். முதன்மை நோய்: இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கியமை, ஈ பதினாறு. இரண்டாவது: சர்க்கரை வியாதி, அதுவும் ஈ. மூன்றாவது: தலையில் அடி, எஸ் ஆறு.

ஈ முன்னால். எஸ் பின்னால்.

வாசிப்பவருக்கு என்ன விளங்கும்? சர்க்கரை இறங்கியது, ஆள் மயங்கினார், வேன் மோதியது, தலை உடைந்தது. மயக்கம் வருகிறவர் கையில் பிள்ளைகளைக் கொடுக்க முடியாது என்று சான்றிதழ் மறுத்துவிட்டார்கள். வேன் இரண்டு மாதமாக வீட்டு வாசலில் நிற்கிறது.

“தம்பி, எனக்கு மயக்கம் ஒண்டும் வரல்ல. இருவத்தாறு வருஷம் ஓடுற. நீங்க அனுப்பின கடதாசில நான் மயங்கின எண்டு ஈக்காம். அத ஆரு எழுதின எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. நான் சண்டைக்கி வரல்ல.”

யார் எழுதியது என்று நான் பார்த்தேன். கடிதத்தின் அடியில் என் கையெழுத்து, அதுவும் அன்றைக்குப் பொறுப்பில் இருந்த பெருமையில் வழமையைவிட ஒரு சுழி கூடுதலாக. அதன் மேல் மெதுவாக என் கையை வைத்து மறைத்துக்கொண்டு, “பாத்துச் சொல்றேங்க நானா, நாளைக்கு வாங்க” என்றேன்.

அன்றைய மிச்சப் பகலை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. முதலில் முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து மறுபடி கழுவப் போனேன். விசாரணை வரும், வேலை போகும், குறைந்தது இடமாற்றம் வரும் என்று முடிவு செய்து, சுவரிலிருந்த இலங்கைப் படத்தில் மிகத் தொலைவான ஆஸ்பத்திரி எது என்று விரலால் அளந்தேன். மூன்று பஸ் மாற வேண்டியிருந்தது. சுகவீன லீவு போடலாமா என்று யோசித்து, என்ன சுகவீனம் என்று எழுதுவதற்காகக் குறியீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். என் நிலைக்கும் இலக்கம் இருந்தது: ஆர் நாற்பத்தைந்து, பதற்றமும் அமைதியின்மையும். உலகத்தில் எனக்கு முன்பே இதே மாதிரி ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

பிறகு எனக்கு ஒரு மகா யோசனை வந்தது. இதில் என்ன சிரமம்? எஸ் ஆறை மேலே போடு, ஈ பதினாறைக் கீழே போடு, புதுக் கடிதம் அடித்து அனுப்பிவிடு. நானாவுக்கு வேன், எனக்கு வேலை. ஐந்து நிமிடத்தில் கடிதத்தை அடித்து மிஸ்ஸிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். நடந்ததையும் சொன்னேன். மிஸ் கடிதத்தை வாசித்தார். டிக்கட் எங்கே என்று கேட்டார். டிக்கட்டை நான் இன்னும் எடுக்கவில்லை.

“ஐயா, முதல் நீங்கள் ஏ பி சி வரிசையில போட்டனீங்கள். இப்ப பயத்தின்ர வரிசையில போடப் போறியளோ?”

மிஸ் கடிதத்தை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

“அவருக்கு உண்மையிலேயே மயக்கம் வந்திருந்தால்? நாளைக்கு அந்த வேனுக்குள்ள பன்னிரண்டு பிள்ளையள் இருக்குங்கள். டிக்கட்டை எடுத்துக்கொண்டு வாங்கோ.”

அதுவரை இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பேர்தான் தெரிந்தார்கள், நானும் நானாவும். அதிலும் நான் முன்னால் நின்றேன். அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளை மிஸ் ஏற்றிவிட்ட பிறகு எனக்குக் கடிதம் அடிக்கும் அவசரம் போய்விட்டது. அவர் மயங்கவில்லை என்று எனக்குத் தெரியாது. மயங்கினார் என்றும் தெரியாமல்தான் முன்பு எழுதிக் கொடுத்திருந்தேன்.

டிக்கட்டைக் கொண்டுவந்தேன். வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டின் பிரதியில், வாட்டிலிருந்த இளம் டொக்டர் மூன்று நோய்களையும் ஒரே வரியில் இலக்கம் போடாமல், இடையில் சாய்வுக் கோடு மட்டும் போட்டு எழுதியிருந்தார். தலை அடி, சர்க்கரை வீழ்ச்சி, சர்க்கரை வியாதி. எது எதனால் என்று இல்லை. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு என்றால் எவரும் மயங்கக்கூடிய அளவு. சீட்டில் விபத்து நடந்த அதே திகதி. நேரம் எழுதும் இடத்தில் முத்திரை குத்தி மை பரவியிருந்தது. அனுமதித்தபோது சர்க்கரை எவ்வளவு என்று எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது.

நாற்பத்தெட்டு காலையில் எடுத்ததா, பிறகு எடுத்ததா? நானாவின் வேன் அந்த மைக்கறைக்குள் நின்றது.

மிஸ் ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு கோடு போட்டார். இடது முனையில் காலை எட்டு, வலது முனையில் மாலை ஆறு. மணிக்கொரு சின்ன வெட்டு. டிக்கட்டின் ஒவ்வொரு தாளையும் முன்பின் இரண்டு பக்கமும் பார்த்து, நேரம் எழுதியிருப்பதை மட்டும் கோட்டில் குறிக்கச் சொன்னார். டொக்டர் எழுதியதில் நேரம் இருக்காது என்றும், மிஸிமார், அதாவது தாதிமார், எழுதியதில் இருக்கும் என்றும் சொன்னார். “பாத்திட்டு வாறன்” என்று பிரசவ வாட்டுப் பக்கம் போய்விட்டார்.

எட்டு இருபத்தைந்து, அனுமதி. ஒன்பது பத்து, காயத்துக்குத் தையல். ஒன்பது நாற்பது, தலை ஸ்கேன் எடுக்கும்வரை வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். ஸ்கேன் மெசினுக்கு முன்னால் கியூ. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று வரிசையாக நாடித் துடிப்பு, கண்மணி அளவு. இரண்டு பத்து: நோயாளிக்கு வியர்வை, நடுக்கம், குளுக்கோஸ் ஏற்றப்பட்டது. ஆகா என்று கதிரையில் நிமிர்ந்தேன். காலையில் சர்க்கரைக் குளிசை போட்டுக்கொண்டு வந்த மனிதரை மத்தியானம்வரை பட்டினி போட்டால் இறங்காமல் என்ன செய்யும்? ஆனால் அது என் ஊகம். காலையிலும் இறங்கியிருந்து, மத்தியானம் இரண்டாம் தடவையாக இறங்கியிருக்கலாம். எட்டு இருபத்தைந்துக்கும் ஒன்பது பத்துக்கும் இடையில் ஒரு இலக்கம் வேண்டும்.

தலை அடிபட்டவர்களுக்கென்று ஒரு அவதானிப்பு அட்டை உண்டு. அதன் முன்பக்கம் மட்டும்தான் அச்சடித்தது, பின்பக்கம் வெறுமை. வெறுமைப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, பதினொரு வருடம் டிக்கட் அடுக்கிய நானும் பார்த்ததில்லை. அன்று திருப்பினேன். மேல் மூலையில் நீலப் பேனையால், சர்க்கரை அட்டை இன்னும் திறக்கப்படாததால் கையில் கிடைத்த இடத்தில், ஏதோ ஒரு மிஸி அவசரமாக எழுதியிருந்தார்: எட்டு நாற்பது, விரல் குத்திப் பார்த்த சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு.

சத்தம் போட்டுவிட்டேன். கட்டாய அமைதி அறையில் அது பெரிய குற்றம். மிஸ் வந்து, அட்டையை வாங்கி, இரண்டு தடவை வாசித்தார். அனுமதித்துக் கால் மணித்தியாலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கிடையில் யாரும் குளுக்கோஸ் கொடுக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குள் வரும்போது சர்க்கரை இறங்கியிருக்கவில்லை.

“ஓம், சரிதான்” என்றார். அந்த ஒரு ஓமுக்கு நான் நான்கு மாதம் காத்திருந்தேன்.

ஆனாலும் கடிதத்தை அவர் தொடவில்லை. அட்டையில் அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, அதன் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். எதற்கென்று சொல்லவில்லை. நோய்களின் ஒழுங்கை நாங்கள் முடிவு செய்யக்கூடாது, எழுதிய டொக்டர்தான் திருத்திக் கையெழுத்திட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்த இளம் டொக்டர் மாற்றலாகித் தெல்தெனியப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். தபாலில் அனுப்பினால் இரண்டு மாதம். நாளைக்கு நீங்களே கொண்டுபோங்கள் என்றார். ‘ஐயா’ சேர்க்கவில்லை.

மறுநாள் காலை நசார் நானா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்பதையும், வேறு வழியில்லாமல், கதவுக்கு அருகில் நின்றுகொண்டு சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சரி, அப்ப நானும் வார” என்றார்.

இருவரும் தெல்தெனிய பஸ்ஸில் போனோம். இருபத்தாறு வருடம் ஓட்டிய மனிதரை இன்னொருவர் ஓட்டும் வாகனத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு போவது தனி அனுபவம். ஒவ்வொரு வளைவிலும் அவர் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. இரண்டு தடவை என் பாதத்தை மிதித்தார். “இவனுக்கெல்லாம் ஆரு சர்ட்டிபிகட் குடுத்த?” என்று சாரதிக்குக் கேட்கும் குரலில் என்னிடம் கேட்டார். நான் பேச்சை மாற்ற டிக்கட்டைத் திறந்து அந்த அட்டையைப் பார்த்தேன். அப்போதுதான் மிஸ் புள்ளி வைத்த வரியை ஒழுங்காக வாசித்தேன். வாசித்துவிட்டு நானாவின் இடது காதைப் பார்த்தேன். அவரிடம் எதுவும் விசாரிக்கவில்லை. அவருடைய கால் என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

டொக்டர் நல்ல பையன். வெளிநோயாளர் கூட்டத்துக்கு இடையில் எங்களை உள்ளே அழைத்து, மிஸ் போட்ட மணிக் கோட்டை விரித்துப் பார்த்தார். சிங்களத்தில்தான் பேச்சு. தான் கார்ட் எழுதும்போது கடைசியாக வைத்தியம் செய்ததுதான் மனதில் நின்றது, ஒழுங்கு போட நினைக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். பேனையை எடுத்தார். பிறகு நிறுத்தினார். சர்க்கரை இறங்கவில்லை என்றால் நல்ல வெயிலில், நேரான பாதையில், வெறும் வேன் எதற்காகக் கடைக்குள் போனது? நாய் என்கிறீர்கள், கடைக்காரர் இல்லை என்கிறார். வலிப்பா? வேறு மயக்கமா? அது தெரியாமல் எதை முதலாவது எழுத?

நானா தரையைப் பார்த்தார். மீசை அப்படியே இருக்க, முகம் மட்டும் சுருங்கியது. நாய்தான் என்று மறுபடி சொன்னார், ஆனால் நாயின் நிறத்தைக் கேட்டபோது கறுப்பு என்றும் பிறகு மண்ணிறம் என்றும் சொன்னார். டொக்டர் பேனையை மூடினார். மூடி ‘டிக்’ என்றது. இனி வேன் வாசலிலேயே நிற்கும் என்று எனக்கு விளங்கியது. அட்டையைத் திருப்பி, புள்ளி வைத்த வரியில் விரலை வைத்து டொக்டரின் முன்னால் தள்ளினேன். இடது காதுக்குப் பின்னால் வீக்கம், நடுவில் கொட்டிய அடையாளம் ஒன்று.

“நானா, நாயா குளவியா?”

நானா கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னார்.

“தம்பி, இது மடவளைல ஒருத்தருக்கும் போகப்படாது. வேனுக்குள்ள குளவி வந்தா அசையாம இரிங்க, கத்தப் படாது, கை வீசப் படாது எண்டு அந்தப் புள்ளைகளுக்கு நான் ஒவ்வொரு நாளும் ஓதுற. ஒரு புள்ள கை வீசினதுக்கு ஒரு கிழம முழுக்க பின் சீட்டுல இருத்தின.”

“நீங்க?”

“நானும் வீசினதான். ரெண்டு கையாலயும்.”

நான் மொழிபெயர்த்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு முகத்தை நேராக வைத்திருந்தது கிடையாது. டொக்டரும் தோற்றுவிட்டார். மேசையில் தலையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கடைசியில் நானாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு, இளநீரைவிட அதுதான் அதிகம் வலித்தது என்றார்.

திருத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பழையதைக் கிறுக்கி அழிக்கக்கூடாது. கீழே இருப்பது வாசிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்தும் திகதியும். அதன் கீழே டொக்டர் இலக்கம் போட்டு எழுதினார். ஒன்று, தலையில் அடி. இரண்டு, வாட்டில் வெறும் வயிற்றோடு இருக்கும்போது சர்க்கரை இறங்கியமை. மூன்று, சர்க்கரை வியாதி. நான்கு, குளவிக் கொட்டு. நான் கண்டிக்கு வந்து குறியீடு போட்டேன். எஸ் முன்னால், ஈ பின்னால், அதற்குப் பின் இன்னொரு ஈ, அதற்கும் பின்னால் டீ. விபத்து எப்படி நடந்தது என்பதற்குத் தனிக் குறியீடு போட வேண்டும், வேனுக்கு ஒன்று, குலைக்கு ஒன்று, குளவிக்கு ஒன்று. வேனுக்கு வீ, குலைக்கு டபிள்யூ, குளவிக்கு எக்ஸ். அந்த மூன்றும் தாமாகவே ஏ, பி, சி வரிசையில் வந்து நின்றன. மூன்று தடவை இரண்டாம் பாகத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மிஸ்ஸிடம் நீட்டினேன்.

மிஸ் வாசித்து முடித்துக் கையெழுத்திட்டார். பென்சிலைத் தொடவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக் கடிதத்தைப் பற்றி மேலிடத்தில் என்ன சொன்னீர்கள் என்று, இடமாற்றத்துக்கு மனதளவில் பெட்டி கட்டியிருந்த நான் கேட்டேன். திருத்திய கடிதத்தின் முதல் வரியில், முன்னைய சுருக்கம் எங்கள் அறையின் பிழை என்று எழுதியிருந்ததைக் காட்டினார். என் பெயரைத் தேடினேன். எங்கள் அறை என்று மட்டும்தான் இருந்தது.

பிறகு பதினெட்டு வருடம் அந்த மேசையிலேயே இருந்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். கம்பியூட்டரிடம் வேலை பார்க்கும் புதியவர்கள் என்னிடம் கேட்ட அனுபவம் இவ்வளவுதான். அந்த அட்டையின் பின்பக்கத்தை இப்போது யார் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று நானும் அவர்களிடம் கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.

நசார் நானாவுக்கு மூன்றாம் கிழமை சான்றிதழ் கிடைத்தது. மூன்று மாதத்துக்கொருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும், சாப்பிடாமல் வேன் எடுக்கக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் அதில் இருந்தன. அதற்கடுத்த திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மடவளையில் பன்னிரண்டு பிள்ளைகள் வேனில் ஏறினார்கள். ஏழேகாலுக்கு எல்லோரையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார்.